அழத் தெரியாத சுஹைரா

பரிசளிப்பு விழாவில் மான் புகுந்த செய்தி அன்று மத்தியானத்துக்குள் பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டது. திருகோணமலைக்கு மான் ஒரு புதினமில்லை. கோட்டைப் பக்கமிருந்து இறங்கி வந்து கடைவாசலில் நின்று வாழைப்பழத் தோலுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட மதிலோரம் படுத்து அசைபோடும். பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் எழும்பும். ஆனால் மேடையேறிய மான் இதுதான் முதல். ஏறியதோடு நின்றதா என்றால் அதுவுமில்லை. பிரதம விருந்தினர் தம்பு ஐயா கழற்றி மேசையில் வைத்திருந்த செவ்வந்தி மாலையைத் தின்று முடித்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த உரையில் மிச்சமிருந்த தாள்களையும் ஒவ்வொன்றாக இழுத்துத் தின்றது.

தம்பு ஐயா துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் நெடுங்காலத் தலைவர். ஒவ்வொரு வருசப் பரிசளிப்பிலும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார். ஒரு கப்பல் எப்படி ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு ஆழ்கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வருகிறதோ அப்படி மாணவனும் வரவேண்டும் என்பது அவருடைய கருத்து. அந்தக் கப்பல் நங்கூரம் போடுவதற்குள் கீழே பிள்ளைகளில் பாதிப்பேர் நித்திரையாகிவிடுவார்கள். அன்றைக்குக் கப்பல் வெளிச்சவீட்டடிக்கு வந்த நேரத்தில்தான் மான் வந்தது. தாள் போனபின் தம்பு ஐயா கொஞ்ச நேரம் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றார். பிறகு நன்றி வணக்கம் என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். அந்த மண்டபத்தில் அப்படியொரு கைதட்டலை ஒருவரும் கேட்டதில்லை.

கணிதம் படிப்பிக்கிற யசோதரா டீச்சர் அப்போது மூன்றாம் வரிசையில் இருந்தாள். சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்ததில் புதுச் சேலையில் பல் அடையாளம் விழுந்துவிட்டது. அடுத்தநாள் அதிபர் அவளைக் கூப்பிட்டு, ஒழுக்காற்றுக் குழுவில் இருந்த டீச்சர் பிரசவ விடுமுறையில் நிற்பதால் அந்த இடத்துக்கு நீங்கள்தான் வரவேண்டும் என்று சொன்னபோது அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சேலைதான். மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை.

குழுவின் தலைவர் உப அதிபர் ஸைனுலாப்தீன் சேர். கிண்ணியாவிலிருந்து பாலத்தைக் கடந்து மோட்டார்சைக்கிளில் வருகிறவர். மணி அடிக்கிறவனுக்கு முன்னால் வந்து நிற்பார். குற்றம் என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், விசாரிக்க வேண்டியது பிள்ளையின் மனதை என்பது அவருடைய கொள்கை. மனது வருந்துகிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் தனக்குத் தெரியும் என்றும் சொல்லுவார். மற்றவர் விளையாட்டு ஆசிரியர் பிரசாந்தன். அவர் மைதானத்தில் நின்று கூப்பிட்டால் கடலில் நிற்கிற வள்ளக்காரரும் திரும்பிப் பார்ப்பார்கள். பரிசளிப்பு அன்று மானை உள்ளே இழுக்கக் காட்டிய பாணும் கையுமாகப் பின்பக்கக் கேற்றடியில் இரண்டு பேரைப் பிடித்தவர் அவர்தான். இரண்டு பேரும் பதினோராம் வகுப்பு. ஒருவன் ஜதுர்சன். மற்றது மாணவத் தலைவி சுஹைரா.

முதலில் ஜதுர்சனைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு அந்த அறை புதிதில்லை. கதவடியிலேயே தலையைக் குனிந்துகொண்டு வந்தான். ஸைனுலாப்தீன் சேர் ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. தான் செய்தது மன்னிக்க ஏலாத பிழை என்றான். பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றான். அம்மா என்று தொடங்கி, அந்தச் சொல்லை முடிக்காமல் நிறுத்தினான். கண்ணீர் இரண்டு கன்னத்திலும் ஒரே நேரத்தில் இறங்கி நாடியில் சந்தித்தது. பிரசாந்தன் எழும்பி யன்னலடிக்குப் போய் வெளியே எதையோ உற்றுப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய மூக்குச் சிவந்திருந்தது. ஸைனுலாப்தீன் சேர் தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்து, போங்க மகன், இனி இப்படிச் செய்யக்கூடாது என்று எச்சரித்து அனுப்பினார். யசோதராவுக்கும் நெஞ்சு இளகித்தான் போயிருந்தது.

அடுத்ததாகச் சுஹைரா வந்தாள். நேராக வந்து, நேராக நின்று, மூன்று பேரையும் ஒருவர் மாறி ஒருவராகப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க செஞ்சது பிழையெண்டு வெளங்குதா மகள்?" என்று ஸைனுலாப்தீன் சேர் கேட்டார்.

"வெளங்குது சேர்."

"அப்ப ஏன் சிரிக்கிறீங்க?"

"நான் சிரிக்கல்ல சேர்."

அதைச் சொல்லும்போது அவளுடைய வாய் காதுவரைக்கும் போய் நின்றது. பிரசாந்தன் பேனையை மேசையில் வைத்தார். ஸைனுலாப்தீன் சேர் பொறுமையை விடாமல், நடந்ததற்கு வருத்தமாவது உண்டா என்று கேட்டார். சுஹைரா யோசித்தாள். கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்லுகிற பிள்ளை அவள். கணிதத்திலும் அப்படித்தான்.

"ஒண்டுக்கு வருத்தம் சேர். அந்தத் தாளுகளுக்குக் குண்டூசி குத்தியிருந்திச்சா எண்டு தெரியல்ல. மானுட வயித்துக்குள்ள போயிருந்தா என்ன செய்யிற? அதை நினைச்சி எனக்குச் சரியா நித்திரையில்ல."

இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். இவ்வளவு வருசத்தில் இப்படியொரு கல்நெஞ்சைத் தான் கண்டதில்லை என்றார் ஸைனுலாப்தீன் சேர். மிருகத்துக்கு இரங்குகிறாள், மேடையில் நின்று அவமானப்பட்ட பெரிய மனிதருக்கு இரங்கவில்லையே என்றார். பிரசாந்தன், இந்தப் பிள்ளை நாளைக்கு ஆளைக் கொன்றுவிட்டும் இப்படித்தான் நிற்கும் என்றார். மாணவத் தலைவிச் சின்னத்தைக் கழற்றுவது, இரண்டு கிழமை வகுப்புக்கு வராமல் நிறுத்துவது என்று முடிவாகிற நிலைமைக்குப் போயிற்று. யசோதராவுக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் சரியாகப் படவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. தாயைக் கூப்பிட்டு ஒருதரம் பேசியபின் முடிவெடுப்போம், அதற்குமுன் நான் பிள்ளையோடு கதைத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் கேட்டாள். புதிதாக வந்தவள் கேட்கிறாளே என்று ஸைனுலாப்தீன் சேர் ஒத்துக்கொண்டார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டபின் யசோதரா சுஹைராவைக் கணித அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அலுமாரியின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். உண்மையைச் சொல்வதென்றால் அவள் செய்யப் பார்த்தது ஒத்திகை. தீர்ப்புச் சொல்லுகிறவர்களில் ஒருத்தி குற்றவாளிக்கு நடிக்கப் பழக்குவது முறையா என்று மனம் கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் யன்னலைச் சாத்தினாள்.

பயம் வந்தால் உனக்குச் சிரிப்பு வருமோ என்று கேட்டாள். தெரியாது டீச்சர், என்ட முகத்தை நான் பார்க்கிறதில்லைதானே என்றாள் சுஹைரா. துக்கமான எதையாவது நினைத்துப் பார் என்றாள் யசோதரா. சுஹைரா கண்ணை மூடி நினைத்தாள். என்னத்தை நினைத்தாளோ, பல்லெல்லாம் வெளியே வந்துவிட்டது. யசோதரா பொறுக்காமல் அவள் கையைப் பிடித்தாள். அந்தக் கை ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மீன்போலக் குளிர்ந்திருந்தது. விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே சிரிப்பும் கீழே இந்த நடுக்கமும் ஒரே பிள்ளையிடம் இருந்ததைக் கண்டு அவள் கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

வாசலடியில் ஜதுர்சன் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

"டீச்சர், நான் சொல்லிக்குடுக்கட்டோ?" என்றான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் உள்ளே வரச் சொன்னாள்.

ஜதுர்சன் புத்தகப் பையை வைத்துவிட்டு ஒரு வாத்தியாரைப்போல ஆரம்பித்தான். முதலாவது, அவர்களுடைய முகத்தைப் பார்க்கக்கூடாது, சப்பாத்தைப் பார்க்கவேண்டும். ஸைனுலாப்தீன் சேருக்குத் தலை குனிந்தால் போதும். பிரசாந்தன் சேருக்குத்தான் கண்ணீர் வேண்டும். அம்மா என்று சொல்லும்போது குரல் உடையவேண்டும், ஆனால் முழுக்க உடையக்கூடாது, உடைந்தால் மிச்சக் கதை விளங்காது. கண்ணீர் வராவிட்டால் கண்ணைச் சிமிட்டாமல் மின்விசிறியைப் பார்த்துவிட்டு வரவேண்டும். சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினான். தோள் குலுங்கியது, கண்ணீர் இறங்கியது, நாடியில் சந்தித்தது.

"அப்ப நீ அண்டைக்கு அழுதது பொய்யோ?" என்று யசோதரா கேட்டாள்.

அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். "பொய்யெண்டும் இல்லை டீச்சர். அழேக்க எனக்கே நம்பிக்கை வந்திடும். முடிஞ்சு வெளிய வந்தாப் பசிக்கும்."

"வருத்தமே இல்லையோ உனக்கு?"

"இருக்கு. யோசினை என்ர. இவள் முதல் மாட்டன் எண்டுதான் சொன்னவள். நான் கெஞ்சினபடியாத்தான் கேற்றைப் பிடிச்சவள். இப்ப எல்லாம் இவளுக்குத்தான் விழப்போகுது. அதை நினைச்சால் நெஞ்சுக்க கல்லு மாதிரிக் கிடக்கு. ஆனா அதுக்கு அழுகை வருகுதில்லை டீச்சர்."

அப்படியென்றால் அதையே குழுவில் வந்து சொல்லு என்றாள் யசோதரா. அவன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சொல்லுகிறேன் என்றான்.

இரண்டாம் விசாரணைக்குச் சுஹைராவின் தாய் மைமூனா வந்தாள். நகரத்தில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறவள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பைக் கண்டு பிரசாந்தன், பெருநாள் பலகாரம் கொண்டுவந்திருக்கிறாவோ என்று நினைத்துக் கையைப் பார்த்தார். கை வெறுமையாக இருந்தது.

மகள் செய்த வேலை தெரியுமா என்று ஸைனுலாப்தீன் சேர் கேட்டார். மைமூனாவின் சிரிப்பு இன்னும் அகலமாயிற்று.

"தெரியும் சேர். கேள்விப்பட்ட நேரமிருந்து எனக்குச் சோறு இறங்குதில்ல."

பிரசாந்தன் தாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், திரும்பவும் தாயைப் பார்த்தார். இரண்டும் ஒரே அச்சு.

"எங்கட குடும்பத்துல எல்லாருக்கும் இப்பிடித்தான் சேர்," என்றாள் மைமூனா. "பயம் வந்தா, கவலை வந்தா, வாய் இப்பிடிப் போயிரும். எங்கட வாப்பா மௌத்தாகி அடக்கம் செஞ்ச அண்டைக்கும் நான் சிரிச்சிக்கிட்டுத்தான் நிண்டிருக்கேன். மாமி இன்னும் அதைச் சொல்லிக்காட்டுறாங்க."

ஸைனுலாப்தீன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் அல்லாஹ் தந்தது, அதற்கு ஒன்றும் சொல்ல ஏலாது, ஆனால் வாய்ச்சொல் அவரவருடையதுதானே என்றார். பிள்ளை தன் வாயால் வருத்தம் தெரிவிக்கட்டும் என்றார். யசோதரா கதிரை நுனிக்கு வந்தாள். ஒத்திகையின் பலன் இனித்தான் வெளியே வரப்போகிறது.

ஜதுர்சன் சொல்லிக்கொடுத்தபடி சுஹைரா பிரசாந்தனின் சப்பாத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சேர், லேஸ் அவிழ்ந்திருக்கு என்றாள். அவர் குனிந்து கட்டினார். பிறகு அவள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். அது அன்றைக்குச் சுற்றவில்லை, ஆனாலும் பார்த்தாள். கண் சிவந்தது. உம்மா என்ற இடத்தில் குரலை உடைக்கப் பார்த்தபோது தொண்டைக்குள்ளிருந்து விக்கலும் கனைப்பும் கலந்த ஒரு சத்தம் வந்தது. பிள்ளைக்கு என்னவோ செய்கிறது என்று பிரசாந்தன் பாய்ந்தெழும்பித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவள் தலையில் ஊற்றப்போனார். யசோதரா குறுக்கே போய்த் தடுத்தாள். அதில் பாதித் தண்ணீர் அவளுடைய சேலையில் விழுந்தது.

அந்த அமளிக்குள்தான் ஜதுர்சனைக் கூப்பிட்டார்கள்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யோசனை தன்னுடையது என்றான். பாண் வாங்கியது, மானை மதிலோரமிருந்து கூட்டி வந்தது, மண்டபக் கதவைத் திறந்தது எல்லாம் தான்தான் என்றான். தான் கெஞ்சியதால் சுஹைரா கேற்றைப் பிடித்தாள், அவ்வளவுதான் என்றான். அவன் கண்ணில் ஒரு சொட்டுக்கூட இல்லை. குரலும் ஒரு கட்டையைப்போல வந்தது.

ஸைனுலாப்தீன் சேர் கவலையோடு தலையை ஆட்டினார். போன தரம் எவ்வளவு திருந்தி நின்ற பிள்ளை, இப்போது பாருங்கள், ஒரு கிழமைக்குள் நெஞ்சு கல்லாகிவிட்டது என்றார். பிரசாந்தன், இவன் அவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான், உண்மை சொல்கிறவன் இப்படி நிற்கமாட்டான் என்றார்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம் என்று யசோதராவுக்குப் பட்டது. கணித அறையில் நடந்தது முழுவதையும் சொன்னாள். ஒத்திகை பார்த்ததையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது இரண்டு சேர்மாரும் அவளையே பார்த்தார்கள். மைமூனா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நினைச்ச உடன அழ ஏலுமோ உனக்கு?" என்று பிரசாந்தன் கேட்டார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஏலும் சேர்."

"எங்க, அழு பாப்பம்."

ஜதுர்சன் தலையைக் குனிந்தான். தோள் குலுங்கத் தொடங்கியது. சேர், நான் உங்கட மனதை நோகடித்துவிட்டேன் என்றான். அம்மா என்று தொடங்கி நிறுத்தினான். கண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கியது. நடிப்பென்று தெரிந்தும், நடித்துக்காட்டு என்று தானே கேட்டும், பிரசாந்தனின் மூக்குச் சிவந்தது. அவர் எழும்பி யன்னலடிக்குப் போனார்.

ஸைனுலாப்தீன் சேர் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் இந்தக் கதிரையில இருந்து நான் எதைப் பாத்தன்?" என்று மெதுவாகக் கேட்டார். அது ஒருவரிடமும் கேட்ட கேள்வியில்லை.

யசோதராவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாயிருந்தது. வருத்தம் எங்களுக்குத் தெரியத்தான் வேண்டுமா சேர், பிழை எங்களுக்குச் செய்ததில்லையே, தம்பு ஐயாவுக்கல்லவா செய்தது, பிள்ளைகள் அவரிடம் போகட்டும் என்றாள். ஸைனுலாப்தீன் சேர் சரியென்று தலையசைத்தார். சின்னம் சுஹைராவிடமே இருக்கட்டும் என்றார். தவணை முடியும் வரைக்கும் காலையில் இரண்டு பேரும் பின்கேற்றில் நின்று மான் வராமல் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். மான் விசயத்தில் அந்தத் தண்டனையால் ஒரு பலனும் இல்லை. மான்களுக்கு அவர்கள் இரண்டு பேரும் பழக்கமானவர்கள். பாண் கிடைக்கும் என்று முன்னையைவிடக் கூடுதலாக வரத் தொடங்கின.

தம்பு ஐயாவின் வீடு உட்துறைமுக வீதியில் இருந்தது. யசோதரா இரண்டு பேரையும் பின்னேரம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மினுக்கிய சேட்டுப் போட்டு, முன்விறாந்தையில் கதிரைகளை ஒழுங்காக அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுஹைரா சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டாள். ஜதுர்சன் கட்டைக் குரலில் மன்னிப்புக் கேட்டான். இரண்டும் மன்னிப்புப்போல இல்லை என்று யசோதரா நினைத்தாள்.

தம்பு ஐயா அதை விட்டுவிட்டு, குழுவில் ஒருவரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஏன் பிள்ளையள் செய்தனீங்கள்?"

ஜதுர்சன் ஒரு பதில் தேடுவதற்குள், சரியான விடை சொல்லுகிற சுஹைரா சொல்லிவிட்டாள்.

"உங்கட பேச்சை நிப்பாட்டச் செஞ்சது ஐயா. சரியான நீளம்."

யசோதராவுக்கு விறாந்தைத் தூணுக்குப் பின்னால் போய் நிற்கவேண்டும்போல் இருந்தது. தம்பு ஐயா கோபிக்கவில்லை. முகம் கொஞ்சம் சுருங்கிற்று. கதிரையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ர மனுசி இருக்கேக்க பேச்சை அவதான் வாசிச்சுப்போட்டு வெட்டுறவ," என்றார். "சிவப்புப் பேனையாலை. சண்டை பிடிப்பன், ஆனா வெட்டினது வெட்டினதுதான். அவ போனாப்பிறகு வெட்ட ஆளில்லை. நீளமெண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாரும் கைதட்டினவை."

சுஹைராவின் சிரிப்பு பார்க்கச் சகிக்காத அளவுக்கு விரிந்தது. அவள் முக்காட்டை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டு யசோதரா திரும்பினாள். ஜதுர்சன் அழுதுகொண்டிருந்தான். தோள் குலுங்கவில்லை. மூக்கு ஒழுகியது, வாய் கோணியது, சேட்டுக் கையால் துடைக்கத் துடைக்கக் கன்னமெல்லாம் சளியும் கண்ணீருமாகப் பூசிக்கொண்டது. பார்க்க அவ்வளவு அசிங்கமான ஒரு அழுகையை அவனிடம் அவள் கண்டதேயில்லை. குழுவின் முன் இப்படி அழுதிருந்தால் பிரசாந்தன் நிச்சயம் தண்ணீர்தான் ஊற்றியிருப்பார்.

தம்பு ஐயா பதறிப்போனார். எழும்பி உள்ளே போய் நெக்டோ சோடா மூன்றும், ஒரு துவாயும் கொண்டுவந்தார். அழாதே தம்பி, மான் தின்றதில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை என்று அவரே அவனைத் தேற்றினார். பிறகு, வந்ததுதான் வந்தீர்கள், அடுத்த வருசப் பேச்சை எழுதி வைத்திருக்கிறேன், எங்கே வெட்டவேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுஹைரா முதலில் அதைத் திருப்பிப் பார்த்து, குண்டூசி குத்தியிருக்கிறதா என்று தேடினாள். கிளிப்தான் போட்டிருந்தது.

இரண்டு பேருமாக அதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கினார்கள். கப்பல் இப்போது நேராகத் துறைமுக வாசலிலிருந்தே புறப்பட்டது. தம்பு ஐயா ஒவ்வொரு வெட்டுக்கும் சண்டை பிடித்தார். யசோதரா கதிரையில் சாய்ந்து சோடாவைக் குடித்துக்கொண்டு அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருசப் பரிசளிப்பில் தம்பு ஐயா அந்த ஒற்றைத் தாளோடுதான் மேடையேறினார். ஸைனுலாப்தீன் சேர் நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்தார். ஐயா தாளை வாசித்து முடித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், ஒலிவாங்கியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தார். வெட்டியதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.